பின்வழி இல்லாத தெருக்கள்

எனக்குக் கோணல் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. சுவரில் கலண்டர் ஒரு விரற்கடை சரிந்து தொங்கினாலும் எழும்பிப் போய் நேராக்கிவிட்டு வந்துதான் உட்காருவேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாலிப வயதில் ஆறு வருஷம் டீ ஸ்குவயர் அளவுகோலோடு குடும்பம் நடத்தியவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்?

மாத்தளையில் ஒரு சர்வேயரின் கந்தோரில் படம் கீறுகிற வேலை எனக்கு. அவர் சங்கிலி பிடித்துக் காணி அளந்து வருவார். அவருடைய குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடியில் வைத்த எழுத்துத் தெரிகிற மெல்லிய மெழுகுத் துணியில் கறுப்பு மையால் நான் படம் கீறுவேன். கை நடுங்கினால் துணி போச்சு. என் கை நடுங்காது. அதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது, ஒளிப்பானேன்?

அந்தக் காலத்து எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு நேர்க்கோட்டின் மேல் எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று விளங்கும். ஊர் என்றால் ஒரே ஒரு நீளத் தெரு. கண்டியிலிருந்து வருகிறவனும் அதால்தான் வர வேண்டும், தம்புள்ளைக்குப் போகிறவனும் அதால்தான் போக வேண்டும். மிளகு மூட்டை லொறி ஒன்று அச்சு முறிந்து நடுவில் நின்றால் அன்றைக்கு ஊருக்கே நெஞ்சடைப்பு. மாரியம்மன் தேர் இழுக்கிற நாளில் தோட்டத்துச் சனமெல்லாம் இறங்கி வந்துவிடும். யட்டவத்தைக்குப் போகிற பஸ், தேர் போன பிறகுதான் போகும். டிரைவர் இறங்கிக் கடலை வாங்கித் தின்றுகொண்டு நிற்பார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கடலை வாசம் மூக்கில் அடிக்கிறது, ஏக்கமாகவும் இருக்கிறது.

எங்கள் வீடு அந்தத் தெருவோரத்தில், முஸ்லிம்களின் வீடுகள் இருபதுக்குமேல் வரிசையாக ஒட்டி நின்ற இடத்தில் இருந்தது. முன்னால் கடை, நடுவில் வீடு, அதற்குப் பின்னால் சமைக்கிற குசினி, கடைசியில் கிணறும் முருங்கையும் உள்ள வளவு. எல்லா வீடும் இப்படித்தான். வாப்பா முன்கடையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்றார். ஆண்களுக்கு ஊர் என்றால் முன்பக்கம். கடை வாசல், பள்ளிவாசல், தேத்தண்ணிக் கடை, அவ்வளவுதான்.

பெண்களின் ஊர் பின்பக்கம் இருந்தது. வளவுக்கும் வளவுக்கும் நடுவே பூவரசு வேலி. ஒவ்வொரு வேலியிலும் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரைக்கும் ஒரு பெண், தெருவில் கால் வைக்காமல், தலையில் முக்காடு போடாமல், பேசிக்கொண்டே போய் வரலாம். அதற்குப் பெயரே பின்வழிதான். கறிக் கோப்பை அதால் போகும். கோப்பை வெறுமையாகத் திரும்பி வராது. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், முன்கடையில் இருக்கிற தகப்பனுக்குத் தெரிய முன்பே கடைசி வீட்டில் இஞ்சி இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சின்ன வயதில் நானும் என் தங்கச்சியும் அந்த வழியால் ஓடி ஓடி ஐந்து வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எனக்கு மீசை அரும்பியதும், "இனி நீ முன்னால போ மகன்" என்று உம்மா வேலியோரத்தில் நிறுத்திவிட்டார். நான் அந்த வழியை அன்றோடு மறந்தேன். அதுதான் பின்னால் என்னைப் போட்டு அடித்தது.

அறுபதுகளின் நடுப்பகுதியில் தெருவை அகலிக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. எங்கள் வரிசையின் முன்பக்கம் போய்விடும். மிஞ்சுவதில் குசினி கட்டவும் இடமில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்தார் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் கொஞ்சம் மேலே பழைய கொக்கோத் தோட்டத் துண்டொன்றை எல்லோருமாகச் சேர்ந்து வாங்கினார்கள். அதை அளக்கக் கிடைத்தது எங்கள் சர்வேயருக்கு. கீறக் கிடைத்தது எனக்கு. நான் பிறந்த வரிசையை எடுத்து என் கையாலேயே புது ஊராக நிறுத்தப் போகிறேன்! சந்தோஷத்தில் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

சர்வேயர் சிங்களவர். அதிகம் பேசாத மனுஷன். மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அவர் மேசையில் பென்சிலால் நாலு கோடு நெடுக்கில் போட்டார், மூன்று கோடு குறுக்கில் போட்டார். "பாரு, எந்த வீட்டுக்காரனுக்கும் ரெண்டு பக்கத்தால வெளியேறலாம். ஒரு தெரு அடைபட்டா அடுத்த தெரு இருக்கு. நாளைக்கு வீட்டை உடைச்சுக் கடை கட்டினாலும் தெரு தாங்கும்" என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, முதுகோடு முதுகாக நிற்கும் வளவுகளுக்கு நடுவே மெல்லிய இரட்டைக் கோடு ஒன்று இழுத்தார். பின் சந்து, ஆறடி அகலம். "இது வேணுமா என்று உங்கட ஆக்களைக் கேளு" என்றார்.

கேட்டேன். பள்ளிவாசல் விறாந்தையில் படத்தை விரித்து, நாலு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து, ஆண்கள் முப்பது பேர் குனிந்து பார்த்தார்கள். வாப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"பின் சந்து எனத்துக்கு? குப்பை சேரவா? கள்ளன் வரவா? அந்த ஆறடிய ரெண்டு பக்கத்து வளவுக்கும் பிரிச்சுக் குடு. நம்மட வீடெல்லாம் ரோட்டப் பாத்துத் தலை நிமிந்து நிக்கோணும்."

"சரியான பேச்சு" என்றார் மத்திச்சம். பள்ளிவாசல் காரியங்களைப் பொறுப்பாகப் பார்க்கிற பெரியவரை அப்படித்தான் சொல்வோம். "பின் மதில்ல ஒருத்தரும் வாசல் வைக்கப்படாது என்டும் எழுதிப் போடு மகன். பிறகு ஆளுக்காள் உடைச்சுக் கொண்டு நிப்பானுகள்."

முப்பது பேரில் ஒருவன்கூட பின்வழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அவர்களுக்கு அது நினைவில் இருந்தால்தானே? தினமும் தின்ற கறி எந்த வழியால் வந்தது என்று ஒரு நாளும் யோசிக்காத ஆட்கள். அவர்களில் இளையவன் நான், கொஞ்ச வருஷம் முன்வரைக்கும் அதால் ஓடித் திரிந்தவன். நானும் பேசவில்லை. கந்தோருக்குப் போய், சவர பிளேட்டால் அந்த இரட்டைக் கோட்டைத் துணி கிழியாமல் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். மை போன அடையாளமே தெரியவில்லை. மாத்தயா கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "நல்ல கை" என்றார். ஓரத்தில் என் அழகான எழுத்தில், பின் மதிலில் வாசல் வைக்கலாகாது என்று எழுதி முடித்தேன்.

அன்று பின்னேரம் உம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "மகன், புது இடத்துல பின்னால வழி ஈக்கா?"

"முன்னால பதினஞ்சடி ரோட்டு ஈக்குது உம்மா. பின்னால எனத்துக்கு?"

உம்மா அகப்பையை எடுத்தார். இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினார்.

புது இடம் எழும்பிய வேகத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. கொக்கோ மரம் நின்ற இடத்தில் ஒரே மட்டத்தில் வீட்டு வாசல்கள். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் மலை தெரியும். தபால்காரன் என்னைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கிக் கை கொடுப்பான். இலக்கம் பார்த்துக் கடிதம் போடுகிற சுகத்தை அவன் அதற்குமுன் கண்டதில்லை. பொய் சொல்லக் கூடாது, மாத்தயா சொன்னதெல்லாம் நடந்தது. மூலை வீடு தேத்தண்ணிக் கடையானது, இன்னொரு மூலையில் தையல் மெஷின் நாலு ஓடியது, ஒருவர் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தார். எழுபதுகளில் பாண் ரொட்டிக்கு வரிசை நின்ற காலம் வந்ததே, அப்போது பெருந்தெருவில் வரிசையும் வாகனமும் ஒன்றையொன்று இடித்துச் சண்டை பிடிக்க, எங்கள் பக்கத்தில் வரிசை மூலைக்கு மூலை திரும்பி, ஒரு சதுரத்தைச் சுற்றி வந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கும். அந்த வரிசையில் நின்றுகொண்டும் நான் பெருமைப்பட்டவன். பசியோடு பெருமை!

ஆனால் பெண்கள் வெளியே வருவது குறைந்துபோனது. மூன்று வீடு தள்ளிப் போக வேண்டுமென்றால் உடுப்பு மாற்றி, முக்காடு போட்டு, கூட வர ஓர் ஆளைத் தேடி, தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் தலை குனிந்து நடக்க வேண்டும். ஒரு கறிக் கோப்பைக்காக யார் இவ்வளவு பாடுபடுவார்? கோப்பைகள் அல்மாரிக்குள் போய்விட்டன. கொஞ்ச நாள் வேலிக்கு மேலால் பேசினார்கள். பிறகு வேலிக்குப் பதில் மதில் வந்தது.

எல்லாவற்றிலும் உயர்ந்த மதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் நின்றது. பின் வளவு என் தங்கச்சியுடையது. எங்கள் வாசல் முதல் தெருவைப் பார்க்கும், அவள் வாசல் இரண்டாம் தெருவைப் பார்க்கும். குசினிகள் இரண்டும் முதுகோடு முதுகு. நடுவில் மதில். அவளுடைய மாப்பிள்ளைக்குச் சீமெந்தும் இரும்பும் விற்கிற கடை. கேட்கவா வேண்டும்? ஆறரை அடி உயரத்தில் கட்டி, மேலே போத்தல் துண்டும் பதித்துவிட்டார். "எப்படி மச்சான் நேரு?" என்று என்னிடம் கேட்டார். குண்டு நூல் பிடித்துப் பார்த்து, "ஒரு நூல் பிசகில்ல மச்சான்" என்று நானே பாராட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புது வீட்டுக்கு வந்து மூன்றாம் வருஷம் வாப்பா மவுத்தானார். கடையில் தராசைப் பிடித்தபடியே சரிந்தவர்தான். உம்மா இத்தா இருந்தார். கணவன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டோடு இருக்க வேண்டும்; வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். உம்மா பின்னறையில் பாய் விரித்துக்கொண்டார். அழுதது கொஞ்சம்தான். ஓதிக்கொண்டே இருந்தார்.

அதே நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி பிள்ளைத்தாய்ச்சியாகக் கிடந்தாள். கிடந்தாள் என்றால், உண்மையாகவே படுக்கையில் கிடந்தாள். பழைய வீட்டில் இருந்த காலத்தில், உம்மா கண்டிக்குப் போயிருந்த ஒரு நாளில், அவளுக்கு முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. யார் மேலும் பிழையில்லை. அது அவள் மனதை உடைத்துவிட்டது. இந்த முறை டாக்டர், எழும்பி நடக்கவே கூடாது, வாகனத்தில் குலுங்கவும் கூடாது, நாள் கிட்டினதும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அதனால் அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவும் வழியில்லை. உம்மா அங்கே போகவும் வழியில்லை. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள்.

"நாநா, அன்டைக்கு உம்மா கிட்ட இல்ல. இந்த முறையும் இல்லாட்டி நான் பிழைக்க மாட்டேன்."

"சும்மா இரு. வாயில நல்லத செல்லு" என்று அதட்டுவேன். வெளியே வந்து கண்ணைத் துடைப்பேன்.

பின்னேரத்து அசர் தொழுகை முடிந்ததும் உம்மா மதிலோரம் பலகைக் கட்டையில் வந்து உட்காருவார். தங்கச்சியின் கட்டிலை அவள் குசினி ஜன்னலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் மதிலுக்குப் பேசுவார்கள்.

"மகள், கால் வீங்கிருக்கா?"

"கொஞ்சம் உம்மா."

"உப்பைக் குறை! கேட்டுதா? உப்பு!"

பக்க வளவிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண் குரல் கொடுப்பாள்: "ராத்தா, நான் காலைல போய்ப் பாத்தேன். நேத்தை விட வீக்கம் குறைவு." அதற்குப் பக்கத்து வளவிலிருந்து இன்னொருத்தி கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கச் சொல்லுவாள். தங்கச்சியின் கால் வீக்கம் இரண்டு தெருவுக்கும் பொதுச் செய்தியாகிவிட்டது. நான் முன்னறையில் இருந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன், ஒரு நாள் உம்மாவின் உள்ளங்கை மதிலில் பதிந்திருந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

மதிலில் சின்ன வாசல் ஒன்று வைக்க மாப்பிள்ளையிடம் கேட்டேன். "பள்ளி சரியென்டா எனக்கென்ன மச்சான்" என்றார். பள்ளிக்குப் போனேன். மத்திச்சம் அல்மாரியைத் திறந்து படத்தின் பிரதியை எடுத்து விரித்து, ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது உன்ட எழுத்துத்தானே மகன்?"

"ஓம்."

"முப்பது பேர் சேர்ந்து எடுத்த முடிவு. உனக்கு ஒண்ட விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க. வாற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கூட்டம் போடுவோம். பேசிப் பாப்போம்."

பக்கத்தில் இருந்த லெப்பை, அவர் தொழுவிக்கிற மனுஷன், இரக்கப்பட்டார். "அவசரம் என்டா பகல்ல உங்கட உம்மா ரோட்டால போய் வரலாம் தம்பி. மார்க்கத்துல அதுக்கு இடம் ஈக்கு. போய்ச் செல்லுங்க" என்றார். ஓட்டமும் நடையுமாக வந்து உம்மாவிடம் சொன்னேன். நல்ல செய்தி கொண்டு வந்தேன் என்று நினைத்தேன்.

உம்மா ஓதிக்கொண்டிருந்த கிதாபை மூடி வைத்தார். "மார்க்கம் விடும் மகன். என்ட கால்தான் விடாது. உங்கட வாப்பா போய் மூணு மாசம் ஆகல்ல. சுத்தி ரெண்டு தெரு, கடைக்கு முன்னால எழும்பி நிண்டு பாவம் பாவம் என்டு பாக்கிற சனம். அதுக்குள்ளால நான் எப்படி நடக்க? பழைய வீடு என்டா இதுக்குள்ள பத்துத் தரம் போயிருப்பேன்." என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ அந்தப் படத்தக் கீறக்குள்ள, நாங்க எங்கால நடப்போம் என்டு நினைச்சாய் மகன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். நினைக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏணி வைத்து ஏறலாமா என்று ஏதோ உளறினேன். "போத்தல் துண்டுல ஏற நான் எனத்த, தேங்காய் களவெடுக்கவா போறேன்?" என்றார். அந்த நிலையிலும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

கூட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. பிள்ளை இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

அன்றைக்குப் போயா, நிலவுக் கணக்கில் வரும் பௌத்தர்களின் புனித நாள். அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள்; போயாவுக்குத்தான் லீவு. நான் வீட்டில் இருந்தேன். காலை பத்து மணி இருக்கும். மதிலுக்கு அப்பாலிருந்து தங்கச்சி கத்தினாள். "உம்மா!" என்று ஒரே சத்தம். பிறகு மாப்பிள்ளையின் குரல்: "மச்சான்! வலி வந்திட்டுது! நான் மிட்வைஃப கூட்டி வரப் போறேன்! எழுப்பி வாகனத்துல ஏத்த ஏலாது!" அவர் செருப்பில்லாமல் ஓடுகிற சத்தம் இரண்டாம் தெருவில் தேய்ந்து போனது. வீட்டில் அவளோடு பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும்.

உம்மா பின்னறையிலிருந்து எழும்பி வந்தார். மதிலுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. முன்வாசலுக்கு நடந்தார். வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கதவைத் திறந்தார். லீவு நாள்; தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் உட்காருகிற வாங்கு நிறைய ஆட்கள், தெரு முழுக்க ஆட்கள். உம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு காலைத் தூக்கிப் படிக்கு வெளியே வைத்தார்.

போகத்தான் போகிறார். நான் அழகாகக் கீறிய அந்தப் பதினைந்தடித் தெருவில், இத்தனை பேருக்கு நடுவே, வாப்பாவின் துக்கத்தையும் சுமந்துகொண்டு என் உம்மா நடக்கப் போகிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான்.

"நில்லுங்க உம்மா!" என்று கத்தினேன். பின் வளவுக்கு ஓடினேன். தேங்காய் உரிக்க நட்டு வைத்திருந்த இரும்பு அலவாங்கை ஆட்டிப் பிடுங்கி எடுத்தேன். மதிலின் நடுவில், இடுப்பு உயரத்தில் ஓங்கிக் குத்தினேன். அடேயப்பா, அந்தச் சீமெந்து! ஒரு பொட்டு வெள்ளைதான் விழுந்தது. சீமெந்துக் கடைக்காரனுக்குப் பெண் கொடுத்த பலன். குத்தினேன், குத்தினேன், கை கொப்பளித்துக் கிழிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முனை இறங்கியதும் நெம்பினேன். முதல் கல் அந்தப் பக்கம் விழுந்தது. பிறகு மற்றவை இலகுவாக வந்தன.

"அல்லாஹ்வே! மதில உடைக்கிறாங்க!" என்று பக்க வளவுப் பெண் கூவினாள். உடனே, "உடைங்க தம்பி, உடைங்க!" என்றாள்.

முழங்கால் அளவுக்கு இறங்கியதும் உம்மா என்னைத் தள்ளிவிட்டார். "இன்னும் ரெண்டு கல்லு எடுக்கிறேன் உம்மா" என்றேன். கேட்டால்தானே? சேலையை வரிந்து, தலையை முதலில் விட்டு, பருத்த உடம்பை ஒருக்களித்து நுழைந்தார். நடுவில் ஒரு கணம் சிக்கிக்கொண்டார். நான் பதறிப்போய் ஒரு கல்லை நெம்பினேன். சேலை கிழிகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் நிமிர்ந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. குசினிக் கதவுக்குள் போனார். "மகள், நான் வந்திட்டேன்" என்ற குரல் மட்டும் கேட்டது. தங்கச்சி ஒப்பாரி போல அழுதாள். பிறகு அந்த அழுகை நின்றது.

நான் மதிலின் இந்தப் பக்கத்திலேயே நின்றேன். ஆண் போகிற இடமில்லை அது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வலிச் சத்தம், உம்மாவின் ஓதல், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், திரும்ப வலிச் சத்தம். பிறகு எல்லாம் அடங்கியது. ஒரு சத்தமும் இல்லை. முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் அடங்கியது என்று எனக்குத் தெரியும். யா அல்லாஹ், வேண்டாம் என்று சொன்னேன். அலவாங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். உள்ளே உம்மா எதையோ தட்டினார். இரண்டாம் முறை தட்டினார்.

பிள்ளை அழுதது. சின்னச் சத்தம்தான். பிறகு பெரிதாக.

நான் கல்லுக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். வளவுக்கு வளவு பெண்கள் சத்தம் போட்டுச் செய்தியைக் கடத்துவது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உம்மா துணியில் சுற்றிய பிள்ளையோடு உடைப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தலைமுடியில் சீமெந்துத் தூள்.

"தகப்பனக் காணல்ல. பிள்ளைக்குப் பாங்கு செல்லோணும். நீ செல்லு மகன்."

பிறந்த பிள்ளையின் காதில் தொழுகைப் பாங்கு சொல்ல ஓர் ஆண் வேண்டும். கையை நீட்டினேன். "கைய எடு, ஊத்தை! வாய மட்டும் கிட்டக் கொண்டு வா" என்றார். உடைந்த மதிலுக்குள் தலையை விட்டுக் குனிந்து, பெண் பிள்ளை அது, அந்தச் சிவந்த காதோரம் வாயை வைத்துத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் அழுதுவிட்டேன். உம்மா காத்திருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கி முழுவதும் சொல்லி முடித்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை மிட்வைஃபோடு வந்து சேர்ந்தார். ஓடிப் போன வழியெல்லாம் ஓடியே வந்தவர், வியர்த்து வழிய நின்றார். பிள்ளையைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். திரும்பப் பிள்ளையைப் பார்த்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

"நிலையும் கதவும் கடைல ஈக்கு மச்சான்" என்றார். "அளந்து செல்லுங்க."

உள்ளேயிருந்து தங்கச்சியின் மெலிந்த குரல் கேட்டது. "நாநா, பள்ளியால வந்து அடைக்கச் சொன்னா?"

"வரட்டும், பாப்போம்."

"அப்ப உம்மா நாளைக்கும் வருவாங்களா?"

பதில் சொல்ல உம்மாவைத் தேடினேன், ஆளைக் காணவில்லை. பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு, எங்கள் குசினியிலிருந்து சுடுதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் உடைப்பால் நுழைந்துகொண்டிருந்தார். அதற்குள் அது மூன்றாவது தடவை.